அறுவை முடிந்து வந்த குதிரைக்குத் தானியம் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு பெட்டைக் குதிரையை மீட்டு வளர்க்கிறேன். பல்லைப் பார்த்து 12 வயது இருக்கும் என்றார்கள். வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். மூன்றாவது வாரம் கடுமையான வயிற்றுவலி வந்தது. பெருங்குடல் இடம் மாறிவிட்டது என்று வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். இன்று எட்டாவது நாள். முந்தாநாள்தான் திரும்ப அழைத்து வந்தேன். உலர்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் தானியம் கொடுத்தால்தான் தேறுவாள் என்கிறார்கள். அவள் பசியோடு பார்க்கும்போது எனக்கும் மனசு கேட்கவில்லை. தையலுக்கு முன்பக்கமாக வயிற்றடியில் வீக்கம் இருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. லாயத்தின் மூலையிலேயே நிற்கிறாள். இடப்பக்கமாகப் போனால் உடம்பு நடுங்குகிறது. வலியா, பயமா தெரியவில்லை. ஒரு மாதம் அடைத்து வைப்பது கொடுமை இல்லையா? பிறகு என்றாவது சவாரி செய்ய முடியுமா?

பதில்: எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இடப்பக்கம் போனால் நடுங்குகிறாள் என்கிறீர்கள். அறுவையின்போதும் அடுத்த சில நாட்களும் திரவமும் மருந்தும் ஏற்றுவதற்காகக் கழுத்துச் சிரையில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் முடி மழிக்கப்பட்டிருக்கும், எந்தப் பக்கம் என்று பார்த்தவுடன் தெரியும். அது இடப்பக்கம் என்றால், கழுத்தின் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கயிறு போலத் தடித்து, சூடாக, தொட்டால் தலையை வெடுக்கென்று இழுக்கும் அளவுக்கு வலி இருந்தால், அந்தச் சிரையில் அழற்சியும் இரத்தக் கட்டியும் ஏற்பட்டிருக்கலாம். இது வயிற்று அறுவைக்குப் பிறகு அவ்வப்போது வருவதுதான். கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், கவனிக்காமல் விட்டால் தொற்று பரவும். அப்படி இருந்தால் இன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் பார்க்கும்வரை அந்தப் பக்கக் கழுத்தில் யாரும் ஊசி போட வேண்டாம். கழுத்தைத் தேய்க்கவும் வேண்டாம்.

கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கிறதா? சரி, மற்றவற்றுக்கு வருவோம்.

மீட்கப்பட்ட குதிரை விஷயத்தில் எனக்கு எப்போதும் பெரிய கவலை ஒன்று உண்டு. வருடக்கணக்காகக் கூடவே இருந்த குதிரை என்றால், அது எப்படி நிற்கும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எந்த நேரத்தில் தூங்கும் என்றெல்லாம் அதன் சொந்தக்காரருக்குத் தெரியும். ஏதோ சரியில்லை என்று அவர் சொன்னாலே எனக்குப் பாதி நோய் தெரிந்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அவள் உங்களிடம் வந்து ஒரு மாதம்கூடப் பழகவில்லை, அதிலும் பாதி நாள் நோயிலும் சிகிச்சையிலும் போய்விட்டது. நலமாக இருக்கும்போது அவள் எப்படி இருப்பாள் என்பதை நீங்கள் பார்த்ததே இல்லை. அந்த அறிவை இனிமேல்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் தினமும் இரண்டு வேளையும் போதும்.

காலையும் மாலையும் ஒரே நேரத்தில், அவள் அமைதியாக இருக்கும்போது, வெப்பநிலை, இதயத் துடிப்பு, மூச்சு மூன்றையும் எழுதுங்கள். வளர்ந்த குதிரைக்கு வெப்பநிலை 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. தெர்மாமீட்டரில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை வால்முடியில் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள், உள்ளே போய்விடாமல் இருக்கும். அழற்சி குறைக்கும் மருந்து காய்ச்சலையும் மறைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்னால் வெப்பநிலை பாருங்கள், கொடுத்த பிறகு பார்த்தால் பயனில்லை. இதயத் துடிப்புக்கு ஸ்டெதாஸ்கோப்பை இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் வைக்க வேண்டும். அவளுக்கு இடப்பக்கம் ஆகவில்லை என்றால் இப்போதைக்குத் தாடை எலும்புக்கு அடியில் வலப்பக்கத்தில் நாடி பிடித்து எண்ணுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்.

அப்புறம் லத்தி. நலமான குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை போடும். குறைவாகச் சாப்பிடுவதால் உங்கள் குதிரை குறைவாகவே போடுவாள், அதில் பயமில்லை. அவளுடைய வழக்கமான எண்ணிக்கை எது என்று நான்கைந்து நாளில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அது திடீரென்று பாதியாகக் குறைந்தாலோ, உருண்டைகள் சின்னதாகி, காய்ந்து, மேலே சளி படிந்து வந்தாலோ குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். தண்ணீரைத் தானாக நிரம்பும் தொட்டியில் வைக்காமல் வாளியில் வைத்தால் எவ்வளவு குடித்தாள் என்பதும் தெரியும். உடல் எடையில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் நாளொன்றுக்கு 5 லிட்டர் என்பது தோராயக் கணக்கு. வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

எடை தெரியாதே என்பீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. மெலிந்த குதிரையில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் வாராவாரம் அதே இடத்தில் நாடாவை வைத்து அளந்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தவறாமல் தெரியும். மருந்தின் அளவைக் கணக்கிட மருத்துவருக்கும் இது உதவும்.

இனி தானியம். வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் சுற்றியிருப்பவர்கள் யார் என்ன சொன்னாலும் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு, முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் எரித்து உயிரைக் காத்துக்கொள்ளும். கூடவே பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இருப்பும் குறைந்துபோகும். அந்த நிலையில் ஒரு வாளி தானியம் உள்ளே போனால், அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும், இன்சுலின் குபீரென்று சுரக்கும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்தத் தாதுக்களை அது செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். இதயமும் மூச்சுத் தசைகளும் வேலை செய்ய அவை வேண்டும். சாப்பிட ஆரம்பித்துத் தேறுவது போலத் தெரிந்த குதிரை மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் விழுந்து இறப்பது இதனால்தான். பட்டினியால் சாகாத குதிரை சாப்பாட்டால் சாகிறது. மீட்டவர்கள் நல்ல மனசோடு செய்த காரியம் இப்படி முடிவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையான விஷயம். உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வந்து மூன்று வாரம் ஆகிவிட்டதே, அந்த ஆபத்து தாண்டியிருக்காதா என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு தாண்டியிருப்பாள். ஆனால் வயிற்றுவலி வந்தபோதும் அறுவையை ஒட்டியும் அவளுக்குத் தீவனம் நிறுத்தப்பட்டிருக்கும். அதாவது, இருப்பே இல்லாத உடம்பில் இரண்டாவது முறையாகப் பட்டினி. அதோடு குடலின் நிலையையும் பாருங்கள். குதிரை தன் தீவனத்தின் பெரும்பகுதியைச் செரிப்பது பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் தயவில். பட்டினி, மயக்க மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்து அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தைக் குலைத்திருக்கும். இப்போது சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து அங்கே போனால் தப்பான கிருமிகள் பெருகும், அமிலம் கூடும், நச்சு இரத்தத்தில் கலக்கும். அதன் விளைவு குளம்பில் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்ன கொடுக்கலாம்? மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தாளில் உள்ளதைத்தான். அதில் உலர்புல் என்று மட்டும் இருந்தால், குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்) சேர்க்கலாமா என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். பட்டினியிலிருந்து மீண்ட குதிரைகளுக்கு எந்தத் தீவனம் ஏற்றது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். குதிரைமசால் உலர்தீவனம்தான் அங்கே நல்ல பலன் தந்தது. மாவுச்சத்து குறைவு, புரதம் நிறைவு, பாஸ்பரஸும் மெக்னீசியமும் உண்டு. அதிலுள்ள கால்சியம் இரைப்பை அமிலத்தையும் ஓரளவு தணிக்கும். ஆனால் குடல் அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு மருத்துவரும் குடலின் நிலையைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்திருப்பார், அவர் சொல்லைத் தாண்ட வேண்டாம்.

அளவைவிட முக்கியம், எத்தனை தடவையாகக் கொடுக்கிறோம் என்பது. மொத்தத்தையும் இரண்டு வேளையாகப் போடாமல் ஆறேழு வேளையாகப் பிரியுங்கள். குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சின்னது, அமிலமோ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். இரவிலும் நீண்ட இடைவெளி விடாதீர்கள். சின்னக் கண்ணியுள்ள புல் வலையில் கடைசி வேளையை நிறைத்து வைத்தால் மெதுவாக இழுத்து இழுத்துத் தின்பாள். புல்லை நனைத்துக் கொடுத்தால் கூடுதலாகத் தண்ணீரும் உள்ளே போகும். மருத்துவர் தரும் அட்டவணைப்படி சில வாரங்களில் அளவு ஏறி, உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்கு உலர்தீவனம் தினமும் தின்னும் நிலைக்கு வருவாள். 323 கிலோ குதிரைக்கு அது ஏறக்குறைய 5 முதல் 6.5 கிலோ. எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். புல் கட்டு தீர்ந்து வேறு இடத்துப் புல் வாங்கினால்கூட பழையதோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.

பசியோடு பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கட்டும். வயிற்றறுவை முடிந்த எட்டாம் நாள் ஒரு குதிரை பசியோடு தீவனத்தைத் தேடுவதைவிட நல்ல செய்தி எனக்கு வேறில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

உடல் தேறுவதை அளக்க ஒரு முறை இருக்கிறது. 1983இல் டான் ஹென்னக் உருவாக்கிய 1 முதல் 9 வரையிலான மதிப்பீடு. கழுத்து, தோள்முகடு, விலா, முதுகு, வாலடி, தோளின் பின்புறம் ஆகிய ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவது. 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் அளவுக்கு மீறிய கொழுப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் குதிரை 2ஐ ஒட்டி இருப்பாள். 5க்கு வர பல மாதங்கள் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

அடுத்து அந்த வீக்கம். அழுத்தினால் குழி விழுகிறது, தொட்டால் சூடில்லை, அவளும் விலகவில்லை என்றால் அது நீர்கோத்த வீக்கம். வயிற்றின் நடுக்கோட்டில் வெட்டிய குதிரைகளில் முதல் வாரம் பத்து நாளில் இது சாதாரணமாகப் பார்ப்பதுதான். உடம்பின் தாழ்ந்த இடம் என்பதால் நீர் அங்கே இறங்கித் தேங்குகிறது. மெல்ல முன்னால் நகர்ந்து மார்புக்கு அடியில்கூடச் சேரும். நடக்க ஆரம்பித்ததும் வடியும்.

தொற்று வேறு மாதிரி இருக்கும். தையலின் ஒரு பகுதி மட்டும் புடைத்து, சூடாக இருக்கும். தொட்டால் வயிற்றை உள்ளிழுப்பாள், இல்லையென்றால் உதைக்கப் பார்ப்பாள். கசிவு கெட்டியாக, மஞ்சளாக, நாற்றத்தோடு வரும், வெப்பநிலையும் ஏறும். இதில் எது தெரிந்தாலும் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். தொற்று வந்த தையலில் பிற்பாடு குடலிறக்கம் வரும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்கிறோம். இன்னொன்று, எப்போதாவது தையலிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போன்ற திரவம் திடீரென்று நிறைய வழிந்தால் அது அவசரம். உள்ளே வயிற்றுச் சுவர் விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். சுத்தமான பெரிய துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டி, அவளை அசையாமல் நிறுத்தி, உடனே மருத்துவரை அழையுங்கள்.

தையலின் மேல் நீங்களாக எதையும் பூச வேண்டாம். பொடி, எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். உலர்ந்து, சுத்தமாக இருந்தாலே போதும். தோலில் உள்ள பின்களையோ தையலையோ வழக்கமாக 12 முதல் 14 நாளில் எடுப்பார்கள். எடுத்த பிறகு வெளியே பார்க்க எல்லாம் ஆறிவிட்டது போல இருக்கும். அதை நம்பாதீர்கள். குதிரைக் குடலின் மொத்தப் பாரத்தையும் தாங்குவது தோலல்ல, அதற்கு மேலே நடுக்கோட்டில் ஓடும் நார்த்திசுப் பட்டைதான். அது வலுவடையச் சுமார் 8 வாரம் ஆகும். மெலிந்த உடம்பில் திசு கட்டப் புரதமும் குறைவு என்பதால் உங்கள் குதிரைக்குக் கொஞ்சம் கூடவே ஆகலாம்.

அடைத்து வைப்பது கொடுமையா என்ற கேள்விக்கு இதுதான் பதிலின் பாதி. அந்தப் பட்டை சேர்வதற்குள் அவள் ஒரு முறை துள்ளி ஓடினால் போதும், எல்லாம் வீணாகும். வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும்: முதல் மாதம் லாய அறையும் கையில் பிடித்து நடத்துவதும், இரண்டாம் மாதம் சின்ன அடைப்பு, மூன்றாம் மாதம் பெரிய வெளி. உங்கள் மருத்துவர் இதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம்.

பதிலின் மறுபாதி, அந்த ஒரு மாதத்தை எப்படிக் கழிக்க வைக்கிறோம் என்பது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு, வெளியில் விட்டால் நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும். தனிமையும் வெறும் வாயும்தான் அதற்குத் தண்டனை, சுவர் அல்ல. அவள் கண்ணுக்கெட்டும் இடத்தில் சாதுவான இன்னொரு குதிரை நிற்கட்டும். அவளுக்குக் கழிச்சல் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, மூக்கோடு மூக்கு முகரும் தூரத்துக்கு அதைக் கொண்டுவரலாம். வெளியே நடப்பது தெரியும்படி திறப்பு இருக்கட்டும். அறை குறைந்தது 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் இருந்தால் படுத்து எழ வசதியாக இருக்கும். படுக்கையைத் தடிமனாகப் போடுங்கள். நின்றபடியே தூங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அரைத்தூக்கம் நின்றபடி வரும், ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். வயிற்றில் தையலோடு இருக்கும் குதிரை வழுக்கும் தரையில் படுக்கப் பயப்படும்.

நடை சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் மருந்துக்குச் சமம். மருத்துவர் அனுமதித்திருந்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து பதினைந்து நிமிடம், சமமான தரையில் மெதுவாக நடத்துங்கள். குடல் அசையும், வீக்கம் வடியும், அவளுக்கும் மனசு மாறும். போகும் வழியில் பசும்புல் இருந்தால் சில நிமிடம் மேயவிடலாம், அதையும் நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தலைக்கயிறு இல்லாமல் ஒரு அடிகூட வெளியே எடுக்க வேண்டாம். அவள் மிரண்டு குதிப்பாள் என்று தோன்றினால் நடத்துவதற்கு முன் கொடுக்க லேசான அமைதி மருந்து உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சரி, வலியா பயமா? இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பயம் மனிதர் வந்தால் வரும், போனால் போகும். வலி யாரும் இல்லாதபோதும் இருக்கும். ஒரு பழைய கைப்பேசியை லாயத்தில் பாதுகாப்பாகப் பொருத்தி, நீங்கள் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் படமெடுங்கள். தனியாக இருக்கும்போது புல் தின்கிறாள், காதை ஒவ்வொரு சத்தத்துக்கும் திருப்புகிறாள், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கிறாள் என்றால் மூலையில் நிற்பது பெரும்பாலும் பயம். யாருமில்லாதபோதும் தலை தொங்கி, புல்லைத் தொடாமல், விலாவைத் திரும்பிப் பார்த்து, முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு இருந்தால் வலி. முகத்தையும் பாருங்கள். 2014இல் வெளியான குதிரை முகவலி அளவுகோல் ஆறு அறிகுறிகளைச் சொல்கிறது: பின்னோக்கி விறைத்த காதுகள், சுருங்கிய இமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய மோவாயும், விறைத்த நாசி. இதயத் துடிப்பும் உதவும். நீங்கள் உள்ளே போனதும் ஏறும் துடிப்பு, சும்மா நின்றால் சில நிமிடத்தில் இறங்கும், அது பயம். வலியில் ஏறிய துடிப்பு அப்படி இறங்காது.

இதில் எச்சரிக்கை ஒன்று. அடிபட்டே வளர்ந்த குதிரைகளில் சில எதற்கும் எதிர்ப்புக் காட்டாமல் அப்படியே உறைந்து நிற்கும். ஊசி போட்டாலும் அசையாது. பார்ப்பவர்கள் எவ்வளவு சாது என்பார்கள். அந்த அமைதியை நம்பி வலி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். இப்படிப்பட்ட குதிரைக்கு உங்கள் நோட்டில் உள்ள எண்கள்தான் வாய்.

பயம் என்றால் என்ன செய்வது? அவள் உங்களைப் பார்க்கும் எல்லா வேளையும் ஊசி, தெர்மாமீட்டர், வாயில் மருந்து என்றே இருந்தால் உங்களைக் கண்டு நடுங்காமல் என்ன செய்வாள்? எதுவுமே செய்யாத வேளைகள் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். லாயத்துக்கு வெளியே உட்கார்ந்து படியுங்கள், பேசுங்கள், எழுந்து போய்விடுங்கள். உள்ளே போகும்போது நேராக முகத்தை நோக்கியோ பின்புறமிருந்தோ போகாதீர்கள். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை எட்டாது. தோளை நோக்கிச் சாய்வாக, பேசிக்கொண்டே, இப்போதைக்கு வலப்பக்கமாகப் போங்கள். அவள் ஒரு அடி விலகினால் நீங்களும் நின்றுவிடுங்கள். அனுமதித்தால் தோள்முகட்டுக்கு முன்னால், பிடரிமயிர் முடியும் இடத்தில் விரல்நுனியால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தட்டிக் கொடுக்காதீர்கள், அடி வாங்கிய குதிரைக்குத் தட்டுவதும் அடிப்பதும் ஒன்றுதான்.

வாய்வழி மருந்துக்கு, மருந்தில்லாத சுத்தமான சிரிஞ்சில் சற்று இனிப்பான தண்ணீரை எடுத்து, வாயின் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளியில் சில துளி விட்டுப் பழக்குங்கள். பத்தில் ஒரு முறைதான் அது கசக்கும் என்று தெரிந்தால் அவள் தலையைத் தூக்க மாட்டாள். அழற்சி மருந்தை எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு துளிகூடக் கூட்டாதீர்கள். வீட்டில் ஃபீனைல்பியூட்டசோன் இருக்கிறதே என்று ஃப்ளூனிக்சினோடு சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வகை அழற்சி மருந்துகள். இரைப்பையிலும் குடலிலும் புண்ணும், சிறுநீரகத்துக்குக் கேடும் வரும். மெலிந்த, தண்ணீர் குறைந்த உடம்பில் அது இன்னும் வேகமாக வரும்.

குளம்பைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். தினமும் நான்கு குளம்புகளையும் கையால் தொட்டுச் சூடு பாருங்கள். கணுக்காலின் பின்புறம் இரண்டு ஓரத்திலும் நாடி ஓடும். நலமாக இருக்கும்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், தொட்டதும் விரலை முட்டித் தள்ளினால் சரியில்லை. கால் மாற்றி மாற்றி நிற்பது, முன்னங்காலை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்வது, திரும்பும்போது தயங்குவது எல்லாம் லாமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சியின் அறிகுறிகள். குடல் நச்சு இரத்தத்தில் கலந்தால் இது வரும். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் நிறுத்துங்கள். அதேபோல் தண்ணீராகக் கழிந்தால், சால்மோனெல்லா என்னும் குடல் கிருமி இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை அவளுக்குத் தனி வாளி, தனி கூடை, தனிச் செருப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும்.

வயிற்றுவலி திரும்ப வரலாம், குறிப்பாக முதல் சில மாதங்களில். உருள்வது, வியர்ப்பது, விலாவை உதைப்பது, தின்னாமல் நிற்பது தெரிந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். துடிப்பு 50க்கு மேல் நிலைத்து நின்றாலும், வெப்பநிலை 38.5ஐத் தாண்டினாலும் அப்படியே. அவர் சொல்லாமல் வலி மருந்து கொடுக்க வேண்டாம், அறிகுறி மறைந்துவிடும். வாய்வழியாக எண்ணெயோ வேறெதுவுமோ ஊற்றவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, அதனால் ஏற்கெனவே நிறைந்த இரைப்பை இன்னும் உப்பி வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

குடற்புழு மருந்து, பல் தேய்ப்பது, குளம்பு வெட்டுவது எல்லாம் இவளுக்கு நிச்சயம் தேவைப்படும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். புழு மருந்தை மட்டும் நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். புழு நிறைய இருக்கும் மெலிந்த குதிரையில் அவை ஒட்டுமொத்தமாகச் செத்தாலும் குடலுக்கு ஆபத்து. லத்தியைப் பரிசோதித்து, எந்த மருந்து, எப்போது என்று மருத்துவர் சொல்லட்டும். டெட்டனஸ் தடுப்பூசி மட்டும் தள்ளிப்போட முடியாத விஷயம். குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் ஆளாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. அறுவையின்போது போட்டார்களா என்று இன்றே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சவாரி பற்றிக் கேட்டீர்கள். வயிற்றறுவையிலிருந்து நன்றாகத் தேறிய குதிரைகள் பழையபடி வேலைக்குத் திரும்புவது உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குப் பிறகு மெல்ல ஆரம்பிப்பார்கள். ஆனால் உங்கள் குதிரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தையல் ஆறினாலும் முதுகில் சேணத்தைத் தாங்கத் தசை இல்லை. மதிப்பெண் 2இல் இருக்கும் குதிரையின் முதுகெலும்பின் மேல் நேரடியாகப் பாரம் ஏறும். மதிப்பெண் 5ஐ எட்டி, நடையிலும் சிறு ஓட்டத்திலும் தசை வளர்ந்து, அறுவை செய்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு யோசிக்கலாம். அதுவரை ஒரு நாளும் ஏற வேண்டாம், குழந்தையைக்கூட உட்கார வைக்க வேண்டாம்.

தையல் பிரிக்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழுத்தைப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.